வண்டுப் புழுவுக்குத் துணைத் தீவனம்: எது வளர்க்கிறது, எது எடையை மட்டும் காட்டுகிறது

மாவுப்புழு, அதாவது மாவு, தானியங்களில் வாழும் ஒரு வண்டின் புழு, வளரும் தட்டில், தவிட்டின் மேல் ஒரு கேரட் துண்டை வைத்துவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். மேற்பரப்பு லேசாக அசையத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் துண்டின் அடிப்பக்கம் முழுக்கப் புழு அப்பியிருக்கும். மறுநாள் எடுத்தால் ஓரமெல்லாம் கடித்திருக்கும், நடுவில் குடைந்த குழிகள் இருக்கும், மிச்சம் இருப்பது வற்றிய நார். இதைப் பார்க்கிற யாருக்கும், கேரட் புழுவுக்குப் பிடிக்கிறது, அதில் சத்து இருக்கிறது, அதனால் புழு வளர்கிறது என்றுதான் தோன்றும். பிடிக்கிறது என்பது சரி. சத்து என்பதில்தான் சிக்கல். கேரட்டில் சுமார் 88 சதவீதம் தண்ணீர். காய்ந்த தவிட்டுக்குள் வாழும் புழு முதலில் தேடி வந்தது அந்தத் தண்ணீரைத்தான்.

உண்பதற்காக வளர்க்கும் வண்டுப் புழுக்களுக்கு எந்தத் துணைத் தீவனம் நல்லது என்ற கேள்விக்கு, ஒரு பொருளின் பெயரைச் சொல்லிப் பதில் முடிவதில்லை. ஈஸ்ட், உருளைக்கிழங்கு, சோயா, பழத்தோல், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எல்லாருடைய தட்டிலும் அது வேலை செய்ததும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் துணைத் தீவனம் தனியாக வேலை செய்வதில்லை. முதன்மைத் தீவனத்தில் எது போதாமல் இருக்கிறதோ, அதைக் கொண்டுவந்தால் புழு பாய்ந்து வளரும். ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதையே இன்னும் கொட்டினால் எச்சம்தான் கூடும். ஆகவே எதைச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன், எது குறைகிறது என்று கேட்க வேண்டும்.

எந்தப் புழு என்பதும் முக்கியம். மாவுப்புழு, அதன் பெரிய உறவினரான சூப்பர்வார்ம், கோழிப்பண்ணைக் குப்பையில் தானாகவே பெருகும் சிறிய மாவுப்புழு ஆகிய மூன்றும் தானியம் தின்னும் குடும்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூனில் உலர்த்திய மாவுப்புழுவையும், 2023 தொடக்கத்தில் சிறிய மாவுப்புழுவையும் மனித உணவாக அனுமதித்தது. தென்கொரியாவில் அதிகம் வளர்க்கப்படும் வெண்புள்ளிப் பூவண்டின் புழுவும் காண்டாமிருக வண்டின் புழுவும் மக்கிய மரத்தூள் தின்பவை. தாய்லாந்தில் வளர்க்கும் கூன்வண்டுப் புழு பனை இன மரங்களின் சோற்றுப்பகுதியைத் தின்பது. ஒன்றுக்குச் சரிப்பட்ட துணைத் தீவனம் இன்னொன்றைக் கொன்றும் விடலாம்.

தண்ணீர்தான் முதல் சத்து

கோதுமைத் தவிட்டில் இருக்கும் ஈரம் பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேல். அதை மட்டும் தின்று மாவுப்புழு உயிர் வாழும். எப்படி என்பது இந்தத் தலைப்பின் சாவி. ஒன்று, மாவுச்சத்தை உடலுக்குள் எரித்து அதிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மாவுச்சத்து முழுக்க எரிந்தால் சுமார் 55 கிராம் தண்ணீர் கிடைக்கும். இரண்டு, காற்றின் ஈரப்பதம் சுமார் 88 சதவீதத்துக்கு மேல் போனால், காற்றிலிருக்கும் நீராவியையே குடலின் கடைசிப் பகுதி வழியாக உறிஞ்சிக்கொள்ளும். பூச்சிகளில் மிகச் சிலவற்றுக்கே இருக்கும் திறமை இது.

இரண்டாவது வழி வளர்ப்பாளருக்கு உதவாது. கொட்டகையை 88 சதவீத ஈரத்தில் வைத்தால் புழுவுக்கு முன் பூஞ்சணமும் சிற்றுண்ணியும் தட்டைப் பிடித்துக்கொள்ளும். முதல் வழி செலவு பிடிப்பது. உடலாக மாற வேண்டிய தவிட்டின் ஒரு பங்கு தண்ணீருக்காக எரிந்துபோகிறது. புழு தின்கிறது, ஆனால் தின்ற அளவுக்கு வளர்வதில்லை. ஒரு துண்டு காய்கறி வந்தவுடன் இந்தச் செலவு நின்றுவிடுகிறது. அதே தவிடு இப்போது உடம்பில் ஒட்டுகிறது. கேரட் புழுவை வளர்ப்பதைவிட, தவிடு புழுவை வளர்க்கும்படி செய்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே உலர்தீவனத்தைக் கேரட்டோடும் கேரட் இல்லாமலும் மாவுப்புழுவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கேரட் கிடைத்த புழுக்களின் வளர்ச்சிக் காலம் வாரக்கணக்கில் சுருங்கியது. புரதம் அதிகமுள்ள தீவனத்துக்கும் குறைவான தீவனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஈரம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் அதற்குச் சளைத்ததல்ல.

இதனால்தான், துணைத் தீவனச் சோதனைகள் பலவற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். வெறும் தவிடு ஒரு தட்டில், தவிடும் ஏதோ ஒரு காய்கறியும் இன்னொரு தட்டில். இரண்டாவதில் புழு பெரிதாக இருந்தது, ஆகவே அந்தக் காய்கறியில் வளர்ச்சி ஊக்கிகள் உண்டு என்று முடிவுரை. காய்கறியின் தண்ணீரைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு தட்டில் அதே அளவு தண்ணீர் பிடித்த வெறும் அகர் கட்டியை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) வைத்தால் விஷயம் தெளிவாகிவிடும். அகர் வைத்த தட்டும் அதே அளவு வளர்ந்தால், காய்கறியின் பெருமை தண்ணீரின் பெருமைதான்.

தண்ணீருக்காகத்தான் என்றால் எந்தக் காய்கறி வேண்டுமானாலும் போடலாமா? ஏறக்குறைய ஆம். தேர்ந்தெடுக்கும் அளவுகோல்தான் மாறுகிறது. வெள்ளரியும் தர்பூசணியும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வெட்டிய பக்கம் கசிந்து கீழே உள்ள தவிட்டை நனைத்துவிடும். நனைந்த தவிடு கட்டி தட்டும், உள்ளே சூடாகும், ஒரே நாளில் புளித்த வாடை வரும். கேரட்டும் உருளைக்கிழங்கும் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பவை. புழு கடித்தால் ஒழிய எளிதில் கசியாது. உருளையில் மாவுச்சத்தும் உண்டு என்பது கூடுதல் வரவு. முட்டைக்கோஸ் இலை மெல்லியது, சீக்கிரம் தின்று முடித்துவிடும். ஆனால் பூச்சிமருந்து அடித்த இலையாக இருந்தால் மொத்தத் தட்டும் போய்விடும். பூச்சியைக் கொல்லவே செய்த மருந்து, நாம் வளர்க்கும் பூச்சியை மட்டும் விட்டுவைக்காது. இலைக் காய்கறியை மட்டும் நம்பியிருக்கும் பண்ணைகள் இந்த ஆபத்தைத் தினமும் சுமக்கின்றன.

அளவுக்கு ஒரே விதி: ஒரு நாளில் தின்று முடிப்பதற்கு மேல் வைக்கக் கூடாது. மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுப்புழு இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். வெள்ளையாக, நூல் துணுக்கு மாதிரி இருக்கும். அது கேரட்டுக்குள் துளைத்துப் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சிய துண்டை எடுத்து எறியும்போது அதுவும் சேர்ந்து போகும். ஆரம்ப வாரங்களில் புழு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று தேடுபவர்கள் முதலில் குப்பைக்கூடையைத் தேட வேண்டும். இந்தப் பருவத்தில் ஈரமான துண்டை மெல்லியதாகச் சீவி, சிறிய அளவில் வைப்பதே நல்லது.

புரதமும் ஈஸ்ட்டும்

ஈரம் சரியான பிறகு அடுத்த குறை தெரியவரும். கோதுமைத் தவிட்டில் புரதம் ஏறத்தாழ 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாவுப்புழு அதில் வளரும், ஆனால் ஆற அமர வளரும். மதுவடிப்பு ஈஸ்ட்டைப் பத்துச் சதவீதத்துக்குள் கலந்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும். இங்கே மாவுப்புழுவின் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவத்தில் கூடு கட்டப் போகும். அந்தக் கணக்கு ஏறக்குறைய மாறாது. மாவுப்புழுவுக்கு அப்படி நிலையான கணக்கே கிடையாது. பத்துக்கு மேற்பட்ட முறை தோலுரிக்கும். எத்தனை என்பது சாப்பாட்டைப் பொறுத்தது. தீவனம் சத்தாக இருந்தால் குறைந்த தோலுரிப்பில் கூட்டுப்புழுவாகிவிடும். மோசமாக இருந்தால் இன்னொரு தோல், இன்னொரு தோல் என்று இழுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு தோலும் புழு தன் புரதத்தையும், பூச்சித்தோலுக்கு உறுதி தரும் கைட்டினையும் செலவழித்துச் செய்தது. தட்டின் மேல் பழுப்பு உமி போலக் குவிந்து கிடக்கும் உரித்த தோல்களில் வளர்ப்பாளரின் தீவனமும் இருக்கிறது.

ஈஸ்ட்டின் பலம் புரதத்தில் மட்டும் இல்லை. பி வகை வைட்டமின்கள் அதில் செறிவாக உண்டு. பூச்சிகளால் ஸ்டெரால்களை (கொலஸ்ட்ரால் வகைப் பொருள்கள்) தாமாகச் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். தவிட்டின் கொழுப்பிலும் ஈஸ்ட்டிலும் அவை இருக்கின்றன. இந்தப் புழுவின் சத்துத் தேவை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி காட்ஃபிரைட் ஃபிரேங்கல் என்ற பூச்சி உடலியல் அறிஞரின் ஆய்வுகளில் தொடங்குகிறது. சுத்திகரித்த கேசின் என்ற பால் புரதம், குளுக்கோஸ், ஸ்டெரால், தெரிந்த வைட்டமின்கள் எல்லாம் கொடுத்தும் மாவுப்புழு செத்தது. வேறு ஏதோ ஒன்று குறைகிறது என்று அதைத் துரத்திப் போனார்கள். அது கார்னிடின் என்று 1952-இல் உறுதியானது. கொழுப்பை எரிக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கும் பொருள். அது இல்லாத புழுக்களைப் பட்டினி போட்டபோது, உடலில் கொழுப்பு இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்போடேயே செத்தன. இன்று மனிதர்களுக்கான சத்து மாத்திரைக் கடையில் விற்கும் கார்னிடினின் உடலியல் வேலை ஒரு தவிட்டுப் புழுவின் சாவு வழியாகத்தான் நம் கண்ணுக்கு வந்தது.

புரதத்தைக் கூட்டினால் புழுவின் புரதமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. இது தவறு. வாகனிங்கனிலேயே 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு, மாவுப்புழு, சிறிய மாவுப்புழு, சூப்பர்வார்ம் மூன்றையும் மதுவடிப்பு, ரொட்டித் தொழில், உருளைக்கிழங்குப் பதப்படுத்தல் ஆகியவற்றின் மிச்சங்களில் வளர்த்துப் பார்த்தது. தீவனங்களின் புரதம் ஒன்றுக்கொன்று இரண்டு, மூன்று மடங்கு வேறுபட்டது. புழுக்களின் புரத அளவோ பெரிதாக மாறவில்லை. மாறியவை வளர்ச்சிக் காலம், எடை, இறப்பு விகிதம். புழு தன் உடம்பின் புரத விகிதத்தைக் காத்துக்கொள்கிறது. புரதம் போதாவிட்டால் மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான். கொழுப்பில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தீவனத்தின் கொழுப்பு புழுவின் கொழுப்பை மாற்றிவிடும்.

புரதத்துக்கும் எல்லை உண்டு. மாவுப்புழு அடிப்படையில் மாவுச்சத்து தின்னி. தவிட்டை எடுத்துவிட்டுச் சோயா மாவையே நிரப்பினால் வளர்ச்சி கூடாது, குறையும். தேவைக்கு மேல் போன நைட்ரஜன் யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறும். எச்சம் ஈரப்பட்டால் அம்மோனியா நாற்றம் வரும். இந்த விஷயத்தில் புழுவையே நம்பலாம் என்று அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கலவையாகக் கொடுக்காமல் தீவனப் பொருள்களைத் தனித்தனியே வைத்தபோது, மாவுப்புழுக்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுப்பது என்று தாமே தேர்ந்துகொண்டன. புதிய துணைத் தீவனம் ஒன்றை முயல்பவர்களுக்கு இது மலிவான சோதனை: கலக்காமல் ஒரு மூலையில் தனியாக வைத்து, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கலாம்.

ஈரமும் புரதமும் குறைந்த தட்டில் இன்னொன்றும் நடக்கும். புழுக்கள் கூட்டுப்புழுக்களைத் தின்னத் தொடங்கும். கூட்டுப்புழு அசைய முடியாதது, மென்மையானது, தண்ணீரும் புரதமும் நிறைந்தது. தட்டில் பாதி கடிபட்ட கூட்டுப்புழுக்கள் கிடந்தால், அது தீவனத்தில் குறை என்பதற்கான அறிகுறி. சூப்பர்வார்மில் இது இன்னும் கடுமை. ஆனால் அது கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாவதைத் தள்ளிப்போடும் இயல்புடையது. தனியே பிரித்து வைத்தால்தான் மாறும். அதனால் அந்தப் புழுவைத் தட்டில் நீண்ட காலம் வைத்து எடையேற்ற முடிகிறது, தீவனச் செலவும் அதற்கேற்ப நீள்கிறது.

மரத்தூள் தின்னிகள்

பூவண்டுப் புழுவிடம் இந்தக் கணக்கு தலைகீழ். உள்ளங்கையில் வைத்தால் ஆங்கில எழுத்தான சி போலச் சுருண்டுகொள்ளும். தரையில் விட்டால் கால்களை மேலே தூக்கிக்கொண்டு முதுகால் ஊர்ந்து போகும். அது வாழும் மக்கிய மரத்தூள் ஏற்கெனவே ஈரமானது, ஆகவே தண்ணீர் பிரச்சினை இல்லை. அங்கே குறைவது நைட்ரஜன். பச்சை மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கார்பன் இருக்கும். நுண்ணுயிர்கள் அதை மக்கவைத்து, தங்கள் உடலைப் பெருக்கிக்கொண்ட பிறகுதான் புழுவுக்கு அது சாப்பாடாகிறது. புழுவின் குடலிலும் செல்லுலோஸை உடைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு.

ஆகவே இங்கே துணைத் தீவனம் முதலில் ஊட்டுவது புழுவை அல்ல, மரத்தூளில் இருக்கும் நுண்ணுயிர்களை. தவிடு, சோயாச் சக்கை, காளான் அறுவடைக்குப் பின் மிஞ்சும் படுக்கை போன்றவை சேர்ந்தால் புழு விரைவாகப் பருக்கிறது. ஆனால் எப்போது சேர்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. புழுக்கள் இருக்கும் பெட்டியில் பச்சைத் தவிட்டை நேரடியாகக் கொட்டிக் கிளறினால், நொதித்தல் மறுபடி தொடங்கிப் பெட்டி கொதிக்கும். ஆக்சிஜனும் குறையும். புழுக்கள் மேற்பரப்புக்கு ஏறி வந்து நிற்பது பசியால் அல்ல, மூச்சுத் திணறலால். கலவையை முன்கூட்டியே ஈரப்படுத்தி, புரட்டிப் புரட்டி, சூடு அடங்கி, புளிப்பு வாடை போய் மண்வாசம் வந்த பிறகே புழுவை விட வேண்டும். அவசரப்பட்டு விடப்பட்ட நல்ல தீவனத்தைவிட, முழுக்க மக்கிய சாதாரண மரத்தூள் மேல்.

தென்னையைத் துளைக்கும் பகையாக உலகம் அறிந்த சிவப்புக் கூன்வண்டின் புழுவைத் தாய்லாந்தில் இரண்டு விதமாக வளர்க்கிறார்கள். பழைய முறை, வெட்டிய சாகோ மரத் தண்டுக்குள் வண்டை விடுவது. புதிய முறை, அரைத்த மரச்சோற்றோடு பன்றித் தீவனம் கலந்து பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பது. மாவு மட்டுமே மிகுந்த மரச்சோற்றின் புரதக் குறையைப் பன்றித் தீவனம் நிரப்புகிறது. மரத்துக்குக் காத்திருக்கும் கட்டாயமும் குறைகிறது.

எடையை நம்பலாமா

எந்தத் துணைத் தீவனத்தையும் மதிப்பிட வளர்ப்பாளர் பார்ப்பது தராசு. ஆனால் ஈரத்தீவனம் தின்ற புழுவின் எடையில் குடலில் இருக்கும் காய்கறியும் சேரும். உயிருள்ள மாவுப்புழுவில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடலாம். ஒரு தட்டுக்கு 1 கிலோ தவிடும் 1 கிலோ கேரட்டும் போய், 500 கிராம் உயிர்ப்புழு வந்தது என்று வைத்துக்கொள்வோம். கொட்டிய தீவனத்தை அப்படியே கணக்கிட்டால், 1 கிலோ புழுவுக்கு 4 கிலோ தீவனம். கேரட்டின் தண்ணீரையும் தவிட்டின் ஈரத்தையும் கழித்தால் உலர்தீவனம் ஏறக்குறைய 1 கிலோதான். விகிதம் 2 ஆகிவிடும். புழுவின் தண்ணீரையும் கழித்து உலர்ந்த புழு 190 கிராம் என்றால், விகிதம் 5-க்கு மேல் போகும். ஒரே தட்டுக்கு மூன்று எண்கள், மூன்றும் பொய் இல்லை. தீவனம் விற்பவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையோடு நாள்களையும் உயிர்பிழைத்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அதுவும் ஏமாற்றும். பாதிப் புழு செத்த தட்டில் மிஞ்சியவை நெரிசல் இல்லாமல் நன்றாகத் தின்று கொழுத்திருக்கும். ஒரு புழுவின் சராசரி எடையில் அந்தத் தட்டே முதலிடம் பிடிக்கும். நெரிசலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வளர்ந்த புழுக்கள் அடர்ந்திருக்கும் தட்டின் நடுப்பகுதி, அவற்றின் உடல் வெப்பத்தாலேயே அறையைவிடச் சூடாக இருக்கும். அந்த நேரத்தில் தீவனத்தைச் செறிவாக்கினால் சூடு இன்னும் ஏறும். மாவுப்புழுவுக்கு இதமான வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். அறையின் வெப்பமானி 27 காட்டுகிறது என்பதை வைத்துத் தட்டுக்குள்ளும் அதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசி நாள்களின் தீவனம்

வளர்ச்சிக்காக அல்லாமல், புழுவின் உள்ளடக்கத்தை மாற்றுவதற்காகக் கொடுக்கும் துணைத் தீவனம் தனி ரகம். கொழுப்பு தீவனத்தைப் பின்பற்றும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் ஆளி விதை சேர்த்தால் புழுவின் கொழுப்பில் ஒமேகா-3 வகையான ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கூடும். மீன் எண்ணெயில் இருக்கும் நீண்ட சங்கிலி அமிலங்கள் இதனால் வந்துவிடாது. அந்த வித்தியாசத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை.

சுண்ணாம்புச் சத்தில் நிலைமை வேறு. மாவுப்புழுவில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் தூக்கலான தீவனத்தைக் கடைசி ஓரிரு நாள் கொடுத்தால் சோதனையில் அளவு ஏறும். ஆனால் அது உடம்பில் சேர்ந்ததல்ல, குடலில் நிற்பது. பல்லி, பறவை போன்ற செல்லப் பிராணிகளுக்கு உயிரோடு கொடுக்கும் புழுவுக்கு இது பயனுள்ள உத்தி. குடலோடு சேர்த்தே விழுங்கப்படுவதால் கால்சியம் போய்ச் சேரும்.

மனித உணவுக்கான புழுவில் இந்த உத்திக்கே இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 அனுமதி, வெப்பத்தில் பதப்படுத்துமுன் குறைந்தது 24 மணி நேரம் தீவனம் இல்லாமல் வைத்து, குடல் காலியாக விட வேண்டும் என்கிறது. குடலில் ஏற்றியது அத்தனையும் எச்சமாக வெளியேறிவிடும்; உடலில் படிந்ததுதான் தங்கும். ஆர்சனிக் போன்ற நச்சுத் தனிமங்கள் தீவனத்திலிருந்து மாவுப்புழுவின் உடலில் சேர்ந்துவிடுபவை, பட்டினி போட்டாலும் முழுக்கப் போகாது. பூஞ்சண நஞ்சான அஃப்ளாடாக்சினை மாவுப்புழு பெரிதாகச் சேர்த்துவைப்பதில்லை என்பது ஆறுதல். ஐரோப்பாவில் வளர்ப்புப் பூச்சியும் சட்டப்படி பண்ணை விலங்குதான் என்பதால் உணவகக் கழிவையோ இறைச்சி மிச்சத்தையோ சாணத்தையோ அதற்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே மிச்சம் மீதியெல்லாம் புழுவுக்குப் போடலாம் என்று திட்டம் போடும் பண்ணை, அந்தக் கழிவில் புழு எவ்வளவு வேகமாக வளரும் என்று பார்ப்பதற்கு முன், அதில் வளர்ந்த புழுவை யார் வாங்க அனுமதி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.